பீர் என்ன விலைங்க?

எந்தச் சரக்கை விற்றாலும் விலையைச் சொன்னதும் பாதி வேலை முடிந்துவிடும்; பீர் விற்கிறவனுக்கு மட்டும் விலையைச் சொன்ன பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். கடையில் நின்று கால் வீங்கியவர்கள், சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்கள், "குறைச்சுச் சொல்லுங்க" என்ற சொல்லைத் தூக்கத்தில்கூடக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேதனை அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் வாடிக்கையாளர்களாகவே வாழ்ந்து புண்ணியம் கட்டிக்கொண்டவர்கள்.

நான் நின்றது காரைக்காலில், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வரும் தெருவில், முசே அந்துவானின் கடையில். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் 'ஐயா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'முசே' என்று சொல்லிப் பழகியிருந்தோம். முசே அந்துவான் வேட்டி கட்டிய, மீசை நரைத்த, அசல் தமிழர். உள்ளே பரிமாறக் கலியபெருமாள். விலை சொல்ல நான். எல்லையைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க மதுவிலக்கு. எங்கள் பக்கத்தில் கப்பலில் வந்த பீர் தடையில்லாமல் கிடைக்கும். நான் கோவில்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் வந்து அதை விற்றேன். குடித்ததில்லை. பீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விலை மட்டும்தான்.

மலிவாக இருந்த குற்றம்

பேரளத்திலிருந்து வரும் ரயிலில் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் திருநள்ளாற்றில் இறங்கிவிடுவார்கள். அங்கே இறங்காமல் காரைக்கால்வரை வருகிறவர்களில் யார் எங்களுக்காக வந்தவர் என்பதைக் கலியபெருமாள் நடையை வைத்தே சொல்லிவிடுவார். "கோயிலுக்குப் போறவன் நேரா நடப்பான், நம்மகிட்ட வர்றவன் ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டே நடப்பான்" என்பார்.

அப்படி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஒருநாள் வந்தவர் மாயவரம் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சரிகை அங்கவஸ்திரம், சந்தனப் பொட்டு. பீர் என்ன விலை என்று காதோடு காதாகக் கேட்டார். ஒரு ரூபாய் என்றேன். மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவருடைய சிநேகிதர் ஒருவர் முன்பே வந்து குடித்துவிட்டுப் போய், என்னவோ சொத்தை விற்றுக் குடித்த மாதிரி ஊரில் கதை சொல்லியிருக்கிறார். இவர் அதற்கென்றே பணம் எடுத்து வைத்து, வீட்டில் கல்யாணச் சரக்குக் கொள்முதல் என்று பொய் சொல்லி, ரயில் ஏறியிருக்கிறார். "இதைவிட விலை கூடினது இல்லீங்களா?" என்று கேட்டார். பீரில் இல்லை என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். வெளியே வந்தபோது முகத்தில் திருப்தி இருந்தது. கூடவே ஒரு வருத்தமும் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன். "சரக்கைக் குத்தம் சொல்லலை தம்பி. ஆனா ஒரு ரூபாய்னு ஊர்ல போய்ச் சொன்னா எவன் என்னை மதிப்பான்?"

நின்றால் ஒரு விலை

எங்கள் கடையில் ஒரே பீருக்கு இரண்டு விலை. வாசலில் நின்று குடித்தால் ஒன்று. உள்ளே மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கிளாசில் குடித்தால் சற்றுக் கூடுதல். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், சொல்தா சின்னப்பனைத் தவிர. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சின்னப்பன் சைகோனில் எல்லாம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். உட்காருவதற்குக் காசு வாங்குவது அநியாயம் என்று ஒரு வாரம் வாதாடினார். முசே அசையவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் சின்னப்பன் தன் வீட்டிலிருந்து ஒரு தேக்கு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கடை வாசலில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, நிற்கிற விலைக்குப் பீர் கேட்டார். கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

நாற்காலியைத் தினமும் தூக்க முடியாமல் கடையிலேயே விட்டுவிட்டார். அவர் வராத நேரத்தில் வண்டிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். ஒருநாள் கலியபெருமாள் அப்படி உட்கார்ந்த ஒருவரிடம் உட்கார்ந்த விலையைக் கேட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சின்னப்பன் வந்து நின்றார். பட்டாளத்தில் கத்திய அதே குரலில் கத்தினார்: "அது என் பென்ஷன்ல வாங்கின நாற்காலி. அதுல எவன் உட்கார்ந்தாலும் அவன் என் விருந்தாளி. விருந்தாளிகிட்டக் காசு கேக்க நீ யாருடா?"

அஞ்சலைக்கு வேண்டியது

திருவேட்டக்குடியிலிருந்து மீன் கூடையோடு வரும் அஞ்சலை, கூடை காலியானதும் எங்கள் கடைப் பின்வாசலுக்கு வருவார். அவருக்கு வேண்டியது காலி போத்தல். சீமை பீர் போத்தல் கனமானது, தவறி விழுந்தாலும் சட்டென்று உடையாது, கறுப்பு நிறமாக இருப்பதால் உள்ளே ஊற்றிய எண்ணெய் வெயிலில் கெடாது. சுறா எண்ணெய் காய்ச்சிப் போத்தலில் அடைத்து ஊர் ஊராக விற்றார். காலி போத்தலுக்கு அவர் பேரம் பேசுகிற அழகைப் பார்த்தால், நிறைந்த போத்தலுக்குப் பேரம் பேசுகிறவர்கள் எல்லாம் அவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

ஒருநாள் காலி போத்தல் ஒன்றுகூட இல்லை. அஞ்சலை வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் நின்றார். லேபிள் கிழிந்து விலைபோகாமல் கிடந்த ஒரு பீரை எடுத்து நீட்டி, "நிறைஞ்சதாவே வாங்கிக்கயேன் அக்கா, விலையைக் குறைச்சுத் தர்றேன்" என்றேன், விளையாட்டாக. அஞ்சலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கி, கையில் கனம் பார்த்து, குலுக்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உள்ள இருக்கிறதை நீயே கொட்டிட்டுக் குடு தம்பி. திருவேட்டக்குடி வரைக்கும் அதைச் சுமக்குற பாரத்துக்கு எனக்கு யாரு கூலி குடுப்பா?"

வரிச்சிக்குடிக்காரர்

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அதற்கு முன் இரண்டு இடத்தில் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டு, பீர்க்கடை என்றதும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். நான் குடிப்பதில்லை என்று தரகர் எவ்வளவு சொன்னாலும், "அது எப்படிங்க, கையிலேயே இருக்கும்போது?" என்பதுதான் பதில். அம்மா அழுதாள். வேறு வேலை தேடலாமா என்று நானே யோசிக்கத் தொடங்கியிருந்தேன். மூன்றாவதாக வரிச்சிக்குடியில் ஒரு இடம் வந்திருப்பதாகத் தரகர் சொன்னார். நான் நம்பிக்கை வைக்கவில்லை.

அந்த வாரம் உச்சி வெயிலில் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். நடந்தே வந்திருக்கிறார்; சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பீர் என்ன விலை என்றார். சொன்னேன். "ஏ அப்பா! நடவாளுக்கு ஒரு நாள் கூலியைவிடக் கூடல்ல இருக்கு!" என்றவர், "சரி, ஒண்ணு குடு. எப்படித்தான் இருக்குன்னு பார்ப்போம்" என்றார். முன்னே பின்னே குடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். "அப்ப வேண்டாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டிருக்கவும் மாட்டீங்க. தலை சுத்தும். எதிர்த்தாப்ல சோடாக்கடை இருக்கு, பன்னீர் சோடா ஒண்ணு சாப்பிட்டுப் போங்க" என்றேன். "விக்கிறவன் நீயே வேண்டாங்கிறியே, முதலாளி கேட்டா?" "கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேங்க." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சோடாக்கடைக்குப் போனார். வந்த வியாபாரத்தைத் துரத்திவிட்டேன் என்று கலியபெருமாள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, அந்தப் பெரியவர்தான் பெண்ணின் அப்பா கோவிந்தசாமி என்று சொன்னார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று துளைத்தேன். தரகர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை என்னைக் காக்க வைத்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "'பையன் யாவாரத்துக்கு லாயக்கில்லை. பொண்ணு குடுக்கலாம்.'"

கொடி மாறிய வாரம்

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அந்த நவம்பரில் ஊரே தெருவில் நின்றது. பட்டாசும் மாலையும் மிட்டாயுமாக அமர்க்களம். எங்கள் தெருவில் மட்டும் அந்தக் கொண்டாட்டத்தோடு ஒரு வதந்தியும் சேர்ந்து வந்தது: இனி இங்கேயும் மதுவிலக்கு. அவ்வளவுதான். ஸ்டேஷன்வரை வரிசை. "என்ன விலைங்க?" என்று அந்த ஒரு வாரம் மட்டும் யாரும் கேட்கவில்லை, "எவ்வளவு இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். விலையை இரண்டு மடங்காக்கச் சொல்லிக் கலியபெருமாள் முசேயின் காலில் விழாத குறை. முசே பழைய விலைக்கே விற்கச் சொன்னார். "ஊருக்கே நல்ல நாள். இந்த நாள்ல நம்ம கடையை நினைச்சா யாருக்கும் வயிறு எரியக் கூடாது" என்றார்.

அவருக்குள் வேறு கவலை ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவருடைய தம்பி குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடையைத் தலைமுழுகிவிட்டு நீயும் வா என்று தினமும் வந்து நச்சரித்தார். முசே கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வார். அலமாரி காலியாகக் காலியாக, இவர் போய்விடுவாரோ என்று நானும் கலியபெருமாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சட்டம் ஒன்றும் வரவில்லை. வாரம் ஒன்று போனதும், வண்டி வைத்து வாங்கிப் போன கருவாட்டு வியாபாரி ஒருவர், அதே வண்டியில் அவ்வளவு பீரையும் திருப்பிக் கொண்டுவந்தார். எடுத்துக்கொள்ள முடியாது என்றேன். அவர் கிட்டத்தட்ட அழுதார். "ஆட்சி மாறிச்சே தவிர சட்டம் மாறலியே தம்பி! இத்தனையையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? எனக்குக் குடிக்கிற பழக்கமே கிடையாதே!"

வெள்ளைப் பெட்டி

சட்டம் வராவிட்டாலும் சுங்கம் வந்தது. கப்பலில் வந்த பீருக்கு வரி ஏறி, விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதை வாங்க ஆளில்லை. உள்நாட்டு பீர் கூட்ஸ் வண்டியில் வந்தது. ஒன்றரை ரூபாய்தான். அதையும் வாங்க ஆளில்லை. சீமை பீர் குடித்த வாய்க்கு அது இறங்கவில்லையாம். "மலிவுன்னா மலிவாத்தானே இருக்கும்?" என்று குடித்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்கள். எனக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். நானோ கார்த்திகையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமனாரிடம் என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசிப்பேன்.

ஒருநாள் காலையில் மாட்டுவண்டியில் ஆளுயர வெள்ளைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. ஊருக்குத் திரும்பிப் போகிற பிரெஞ்சு அதிகாரி ஒருவரிடமிருந்து முசே விலைக்கு வாங்கியிருக்கிறார். அந்தப் பரபரப்பு வாரத்தில் வந்த பணம் மொத்தமும் அதற்குள் போய்விட்டது. மண்ணெண்ணெயில் வேலை செய்யும் குளிர்பெட்டி. அடியில் விளக்கு எரிகிறது, உள்ளே பனிக்கட்டி விழுகிறது. கலியபெருமாள் சுற்றிச் சுற்றி வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் எனக்கு நிம்மதி வந்தது, பெட்டியைப் பார்த்து அல்ல, அதை வைக்கச் சுவரை இடித்து இடம் பண்ணச் சொன்ன முசேயைப் பார்த்து. பிரான்சுக்குப் போகிறவர் சுவரை இடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

முதல் குளிர்ந்த போத்தலைச் சொல்தா சின்னப்பனுக்குக் கொடுத்தோம். உள்நாட்டுச் சரக்கு, கிளாசில் ஊற்றித்தான் கொடுத்தோம். கிளாசின் வெளிப்புறம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அவர் வேட்டியில் விழுந்தது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் கல்யாணமே அந்தத் தொண்டையில் இறங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. கண்ணைத் திறந்து இன்னொரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "முசே, இது எந்த ஊர்ப் பீர்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா எனக்குப் புடிக்காமப் போயிடும்."

விலை போடாத சரக்கு

சின்னப்பனின் வாய் சும்மா இருக்குமா? பங்குனிக்குள் கடை பழையபடி நிரம்பியது. ஜில்லென்று இருந்தால் இரண்டணா கூட என்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி, ராஜேஸ்வரி கோவில்பத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் தெருமுனையில் ஹமீது மரைக்காயர் கொப்பரை மண்டி வைத்திருந்தார். ஐந்து வேளையும் தவறாமல் தொழுது, துஆ என்று அவர்கள் சொல்லும் பிரார்த்தனையும் செய்கிறவர். எங்கள் கடை வந்ததும் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கடந்து போவார். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. வழியில் பார்த்தால் முசேயிடம் அன்பாகத்தான் பேசுவார். அவர் ஒரு நண்பகலில், குடை இல்லாமல், செருப்பு இல்லாமல், எங்கள் வாசலுக்கு முன்னால் வந்து நின்றார். மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறதாம், பிதற்றுகிறாளாம். தலைக்குப் பனிக்கட்டி வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாகப்பட்டினத்துக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "அந்துவான், உங்க பெட்டியில…" என்றவர் உள்ளே அடுக்கியிருந்த பீர் போத்தல்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அவர் எதற்குத் தயங்குகிறார் என்பது முசேக்குப் புரிந்தது. இருந்த கட்டியைச் சாக்கில் சுற்றி உடனே கொடுத்தார். பிறகு பெட்டியிலிருந்த போத்தல் அத்தனையையும் வெளியே எடுக்கச் சொல்லி, உள்ளே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, புதுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "இனிமே அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் இறங்கறவரைக்கும் இதுல தண்ணி மட்டும்தான்" என்றார். உறைந்த கட்டியை நான்தான் சைக்கிளில் மரைக்காயர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து வளையல் கை ஒன்று வாங்கிக்கொள்ளும். கடையில் மறுபடி வெதுவெதுப்பான பீர். பழக்கத்தில் ஜில் விலையையே கொடுத்துவிட்ட ஒருவர் முணுமுணுத்தார். விஷயத்தைச் சொன்னதும், இரண்டணாவைத் திருப்பிக் கேட்காமலே குடித்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் இறங்கியது. அந்தப் பெண் எழுந்து கஞ்சி குடித்த அன்று மரைக்காயர் வந்தார். இந்த முறை வாசற்படிவரை வந்தார். என்ன விலை என்று கேட்டார். "நான் லைசென்ஸ் எடுத்திருக்கிறது பீர் விக்கத்தான் மரைக்காயர். ஐஸுக்கு விலை போட எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார் முசே. மரைக்காயர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க யாவாரத்துக்கு நான் துஆ கேக்க முடியாது அந்துவான். அதனால உங்களுக்குக் கேக்குறேன்."

எட்டும் ஐம்பதும்

நயா பைசா வந்த புதிதில் கடைக்காரர்கள் பட்ட பாட்டை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அணாவை அழித்துப் பைசாவில் எழுதச் சொல்லி உத்தரவு. எங்கள் பலகையில் '1-8' என்று இருந்ததை அழித்து '1-50' என்று எழுதினேன். சாக்பீஸ் தூசியைத் தட்டுவதற்குள் பார வண்டி ஓட்டும் முனியாண்டி வந்துவிட்டார். "நேத்து எட்டு, இன்னைக்கு அம்பதா?" என்று சாட்டையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார். எட்டணா என்றாலும் ஐம்பது பைசா என்றாலும் ஒன்றுதான், விலை ஏறவே இல்லை என்று விளக்கினேன். ரூபாயை எடுத்துக் காட்டினேன், சில்லறையைப் பரப்பிக் காட்டினேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

முனியாண்டி பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் கோபம் போய் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படியா சங்கதி? அப்ப ஸ்டேஷனுக்கு மூட்டை நாலணான்னு கேட்டுக்கிட்டிருந்தேன், இனிமே இருபத்தஞ்சுன்னு கேக்குறேன். கேக்குறதுக்காவது பெரிசா இருக்கட்டும்!"

ஐந்து கிளாஸ்

வரிச்சிக்குடிப் பக்கம் அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டு, ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்த வருஷம் அது. கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. மழை வந்தால் எல்லோருக்கும் நஷ்டம். என் மாமனாருக்கும் அங்கே கொஞ்சம் நிலம் உண்டு. "அவங்க கேக்குறது நியாயம்தான்" என்று அவர் முதல் ஆளாகச் சம்மதித்துவிட்டதில் பெரிய மிராசுகளுக்கு அவர்மேல் ஏகக் கோபம். கடைசியில் எல்லோருமே இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது.

அறுவடை முடிந்த ஒரு சாயங்காலம் அந்த அறுவடை ஆட்களில் ஐந்து பேர் கடை வாசலில் வந்து நின்றார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார்கள். மூத்தவர் பெயர் வீரப்பன். "பீர் என்ன விலைங்க?" என்று அவர் என்னைக் கேட்டது, கோயிலில் அர்ச்சனைச் சீட்டு விலை கேட்கிற பயபக்தியோடு இருந்தது. சொன்னேன். ஐந்து பேரும் மடியிலிருந்து காசை எடுத்து ஒன்று சேர்த்தார்கள். ஒரு போத்தலுக்குச் சரியாக இருந்தது. பிறகு வீரப்பன் உள்ளே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்களை மாதிரி ஆளுங்க உள்ள உட்காரலாங்களா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் முசே எழுந்துவிட்டார். "யாரா இருந்தாலும் உட்கார்ந்தா விலை கொஞ்சம் கூட. இந்தக் கடையில அந்த ஒரு வித்தியாசம்தான். இன்னைக்கு அதையும் நான் பார்க்கலை. வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கலியபெருமாள் ஐந்து கிளாஸ் வைத்து, ஒரு போத்தலை ஐந்தாகப் பகிர்ந்து ஊற்றினார். பெரிய மனிதர்களுக்கு ஊற்றும்போதுகூட அவர் கை அத்தனை நிதானமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஐந்து பேரும் ஒரே சமயத்தில் கிளாசை எடுத்தார்கள். ஒரே சமயத்தில் வாயில் வைத்தார்கள். ஐந்து முகமும் ஒரே சமயத்தில் கோணியது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் கடைசியில் உட்கார்ந்திருந்தவருக்குச் சிரிப்பு வந்தது. அது அடுத்தவருக்குத் தொற்றி, கலியபெருமாளுக்குத் தொற்றி, முசே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வீரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுரை அடங்கும்வரை பார்த்தார். பிறகு மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து, கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுத்தானா? இதுக்கா நம்ம பண்ணையார் இத்தனை வருஷமாக் கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சாரு?"

இவ்வளவு காலம் விற்ற பிறகும், பீர் என்ன விலை பெறும் என்று யாராவது என்னைக் கேட்டால், கேட்கிறவர் எங்கிருந்து வருகிறார், எதற்கு வருகிறார், நின்று குடிப்பாரா உட்கார்ந்து குடிப்பாரா என்று விசாரித்துவிட்டு, கடைசியில் பலகையில் எழுதியிருப்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.